மேட்டுச் சாலையில் என் எடை

கம்பம்மெட்டு மலைக் கணவாய்க்கு அப்பால், கேரள எல்லைக்குள் இருக்கும் ஒரு சிறிய மருத்துவமனையில் அக்காவுக்குச் செவிலியர் வேலை கிடைத்தது. பணி நேரத்துக்குப் பேருந்து பொருந்தவில்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் அவளை அனுப்ப அப்பாவுக்குச் சம்மதமில்லை. எஞ்சியது அவளுடைய மின்சார ஸ்கூட்டர். அது மலை ஏறினால்தான் அந்த வேலை.

அப்பா ஒரு வெள்ளோட்டத்துக்கு ஒப்புக்கொண்டார்.

"பாதியில நின்டுச்சுன்னா இந்த வேலைப் பேச்ச அதோட விட்டுரணும். தனியாப் போகாத, தங்கச்சியக் கூட்டிட்டுப் போ."

வேலைக்குப் போகும் நாள்களில் அவள் தனியாகத்தான் போவாள். அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கல்லூரிப் பையை முன்னால் வைத்துவிட்டுப் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டேன்.

திராட்சைத் தோட்டங்களைக் கடக்கும்வரை பேட்டரியில் மீதமுள்ள சார்ஜைக் காட்டும் எண் பெரிதாக அசையவில்லை. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் விடாமல் இறங்கியது. பள்ளி இயற்பியலில் எனக்கு மிஞ்சியிருந்தது கொஞ்சம்தான். ஒரு பொருளை உயர்த்தச் செய்யும் வேலை அதன் எடையையும் ஏறும் உயரத்தையும் பொறுத்தது. வளைவுகள் சாலையை நீட்டி ஏற்றத்தின் செங்குத்தைத் தணிக்கின்றன. உயரத்தை அவை குறைப்பதில்லை. மலையை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. எடையைக் குறைக்கலாம்.

பின்னால் வந்த ஜீப் எங்களை ஒட்டி மெதுவாகியது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"என்னத்தா, சார்ஜர் வயரு வீட்டுல இருந்து இம்புட்டுத் தூரம் எட்டுமா?"

"எட்டலைன்னா ஒங்க ஜீப்புல கட்டி இழுத்துட்டுப் போங்கண்ணே," என்றாள் அக்கா.

உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஜீப் முந்திச் சென்றது. அடுத்த வளைவில் ஸ்கூட்டர் எச்சரிக்கை ஒலி எழுப்பி, ஆள் நடக்கும் வேகத்துக்கு வந்தது.

"நிறுத்துக்கா. நான் எறங்கிக்கிறேன்."

"அப்பாட்ட என்ன சொல்றது?"

"நடந்தத."

"தனியாப் போனேன்னு சொன்னா ஏசுவாக."

"நின்டுபோச்சுன்னு சொல்றதுக்கு இது தேவல. நான் இங்கன உக்காந்திருக்கேன்."

அவள் வண்டியை நிறுத்தினாள். பிறகு முன்னால் வைத்திருந்த என் பையை எடுத்து நீட்டினாள். "அப்ப ஒம் புத்தகத்தையும் எறக்கிரு. அது ஒன்னயவிடக் கனக்குது."

ஸ்கூட்டர் தயங்காமல் மேலேறி வளைவில் மறைந்தது. நான் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். மின்சார வண்டிக்குச் சத்தம் கிடையாது. காது கொடுத்துக் காத்திருப்பதில் பயனில்லை. வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் ஜீப்புகளும் குரங்குகளும்தான் வந்தன. பிறகு அவள் வந்தாள். மருத்துவமனை வாசல்வரை போய்த் திரும்பியிருந்தாள்.

இறக்கத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டாள். ஏறும்போது சுமையாக இருந்த எடை இப்போது சக்கரத்தைத் தள்ளியது. வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் மோட்டார் அந்தத் தள்ளலை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்பியது. ஏறச் செலவானதில் சிறு பங்குதான் இப்படித் திரும்பியது. மற்றதெல்லாம் மோட்டாரின் சூட்டிலும் சாலையிலும் காற்றிலும் போயிருந்தது.

அப்பா தம் இரும்புக் கடை வாசலிலேயே நின்றிருந்தார். எங்களைப் பார்ப்பதற்கு முன் பேட்டரியின் எண்ணைப் பார்த்தார்.

"மேல இருந்தப்ப எவ்வளவு?"

"இதவிடக் கம்மிப்பா," என்றாள் அக்கா.

"எறங்குனா கூடுமா?"

"கொஞ்சம் கூடும்."

"ரெண்டு பேருமா மெட்டு வரைக்கும் போனீக?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"அக்கா போனா," என்றேன். "நான் பாதியில எறங்கிட்டேன். என்னைய வச்சுக்கிட்டு ஏறலப்பா. தனியா மெட்டத் தாண்டி ஆசுபத்திரி வரைக்கும் போயிட்டு வந்துட்டா."

ஒருவர் ஆணி கேட்டு வந்தார். அப்பா நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அவர் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"வேலைக்குச் சேர்ற அன்னைக்கு நீ கூடப் போவேணாம். ஒன்னய ஏத்துனா நின்டுரும்."

அக்கா சார்ஜரை எடுத்துவந்து கல்லாவுக்கு அடியில் இருந்த பிளக்கில் செருகினாள். அப்பா சுவிட்சைப் போட்டார்.