பிரஷாந்தி தோற்ற பந்தயம்

வளைகுடாவின் ஜெபல் அலி துறைமுகத்தில் கப்பல் சரக்கு அனுப்பும் ஒரு சின்னக் கம்பெனியில் டீ போடுவது பிரஷாந்தியின் வேலை. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பதினோரு வருஷமாகிறது. முவைலாவில் ஆறு பெண்களுக்கு ஒரு ரூம். விடிய ஐந்தரைக்கு வேன். ஏறும்போதே முதுகு வலிக்கத் தொடங்கிவிடும். இறங்கும்போது வலி பழகிப் போயிருக்கும். சீனி போடவா வேண்டாமா என்பதற்கு மேல் ஆபீஸில் அவளோடு யாருக்கும் பேச்சு இருந்ததில்லை.

டாக்குமெண்ட் வேலை பார்க்கும் அருள்ராஜ்தான் முதலில் பேசினான். சாத்தூர்க்காரன். எதற்கெடுத்தாலும் பந்தயம் கட்டுவான். காசு வைத்து ஆடினால் வம்பு என்பதால் அவன் பந்தயமெல்லாம் சமோசாவோடு நின்றுகொள்ளும். தோற்றவர் கீழே கஃபட்டீரியாவில் எல்லோருக்கும் வாங்கி வரவேண்டும். உலகக் கோப்பைக் கால்பந்து நடந்த சமயம், ட்ரேயோடு போனவளை நிறுத்தினான்.

“அக்கா, இன்னைக்கு யாரு ஜெயிப்பா? சொல்லுங்க.”

“எனக்கு என்னாங்க தெரியும் தம்பி?”

“தெரியாமச் சொன்னாத்தான் பந்தயம். தெரிஞ்சு சொன்னா பரீட்சை.”

பச்சைச் சட்டைக்காரர்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பச்சை ஜெயித்தது. அன்றைக்கு அறுபது கோப்பை கழுவியதே அவளுக்குத் தெரியவில்லை.

உலகக் கோப்பை முடிந்த பிறகும் பந்தயம் ஓயவில்லை. மேனேஜர் எத்தனை மணிக்கு வருவார், மீட்டிங்கில் எத்தனை தடவை ‘யல்லா, சீக்கிரம்’ என்று விரட்டுவார், இரண்டு லிஃப்டில் எது முதலில் திறக்கும் என்று தினம் ஒன்று. பெரும்பாலும் பிரஷாந்தியே ஜெயித்தாள். மேனேஜர் காலையில் சீனியில்லாத காப்பி கேட்டால் வீட்டில் சண்டை என்று அர்த்தம். அன்று ‘யல்லா’ இருபதைத் தாண்டும். இதெல்லாம் டீ போடும் பேன்ட்ரியில் நிற்பவளுக்கு மட்டுமே தெரிகிற சங்கதி.

“இந்த அக்காகிட்ட பந்தயம் கட்டியே என் சம்பளம் சமோசாவாப் போச்சு,” என்பான் கஸ்டம்ஸ் பார்க்கும் கௌஸ் முகைதீன்.

ஜெயிப்பது கூட அவளுக்குப் பெரிதில்லை. காலையில் ஒன்றைச் சொல்லிவிட்டால் சாயங்காலம் வரை அதற்காகக் காத்திருக்கலாம். மற்றபடி அவளுடைய நாளில் என்ன நடக்கும் என்பது முதல் நாளே தெரிந்ததுதான்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. பிறகு சரக்கு குறைந்தது. ஆள் குறைப்பு என்று பேச்சு அடிபட்டது. எல்லோர் முகமும் செத்துக் கிடந்த ஒரு திங்கட்கிழமை, அருள்ராஜ் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, “வியாழக்கிழமை சொல்வாங்களாம். யாரு சீட்டு முதல்ல காலியாகும்? கட்டுங்க பந்தயம்,” என்றான். கௌஸ் தன் பெயரையே சொல்லிச் சிரித்தான். சிலர் சிரிக்கவில்லை.

“அக்கா, நீங்க?”

ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் மேனேஜர் மேசையில் காப்பி வைத்துவிட்டு வந்திருந்தாள். கோப்பைக்குப் பக்கத்தில் ‘ஆள் குறைப்பு’ என்று தலைப்பிட்டு எல்லோர் பெயரும் எழுதிய ஒரு தாள். அதில் ஒரே ஒரு பெயருக்கு நேராகச் சிவப்பில் டிக். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள், ஆனால் தப்பாக வாசிக்கவில்லை. அருள்ராஜ்.

“என் பேரப் போட்டுக்குங்க,” என்றாள்.

“உங்கள அனுப்பிட்டா டீக்கு எங்க போறது!” என்று எல்லோரும் சிரித்தார்கள்.

வியாழன் பதினோரு மணிக்கு அருள்ராஜைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தவன் நேராகப் பேன்ட்ரிக்கு வந்தான்.

“தோத்துட்டீங்கக்கா.”

“ஆமாங்க தம்பி.”

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?”

பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவளிடம் அது இல்லை. “திங்கக்கெழமையே தெரியுங்க. அத்தன பேருக்கு முன்னால ஒங்க பேரச் சொல்ல மனசு வரல.”

“தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமேக்கா. செவ்வாக்கிழமை ஒரு எடத்துல இன்டர்வியூ இருந்துச்சு. இங்க சீட்டு உறுதின்னு நெனச்சுப் போகாம விட்டேன்.”

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. மூன்று நாளாக அவனுக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தோற்றது தோற்றதுதான். கீழே போய்ப் பன்னிரண்டு சமோசா வாங்கி வந்தாள். ஆளுக்கொன்று எடுத்தார்கள். அருள்ராஜ் இரண்டு எடுத்துக்கொண்டான்.

ஊருக்குப் போன அவனுக்கு நான்கு மாதம் கழித்து யான்பு துறைமுகத்தில் வேலை கிடைத்ததாகக் கௌஸ் வந்து சொன்னான். “உங்களைக் கேட்டான்க்கா,” என்றான். என்ன கேட்டான் என்று அவளும் விசாரிக்கவில்லை. ஆபீஸில் அதற்குப் பிறகு யாரும் பந்தயம் கட்டவில்லை. கௌஸ் ஒரு தடவை ஆரம்பித்துப் பார்த்தான், எடுபடவில்லை.

கௌஸ் அந்தச் செய்தி சொன்ன அன்று சாயங்காலம் வேன் நெரிசலில் ஊர்ந்தது. முவைலா போய்ச் சேர ஏழேகால் ஆகும் என்று பிரஷாந்தி மனதுக்குள் தனக்குத்தானே பந்தயம் கட்டிக்கொண்டு, கண்ணை மூடாமல் கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தாள். ஏழு நாற்பதுக்குத்தான் வேன் நின்றது.