கிளந்தான் பேச்சுக்குக் கிடைத்த மாடியறை

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் எட்டாவது பிரிவு, இரண்டாம் உட்பிரிவு: மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகியவற்றை மட்டும் காரணமாக்கி எந்தக் குடிமகனிடமும் பாரபட்சம் காட்டக் கூடாது. அரசியலமைப்பே வெளிப்படையாக அனுமதித்த இடங்கள் மட்டும் விலக்கு. சட்டம், அரசுப் பணி, சொத்து நிர்வாகம், தொழில் என்று அது எங்கெல்லாம் செல்லும் என்பதும் அங்கேயே இருக்கிறது. ஒருவர் தன் வீட்டு மாடியறையை யாருக்கு வாடகைக்கு விடுகிறார் என்பது அதில் இல்லை. நில அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்பு நகர்த்தியவன் என்பதால் இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மகளுக்கு அறை தேடக் கிளம்பினேன்.

மகள் கவிதா எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்ப்பவள். கோலாலம்பூரை ஒட்டி, சிலாங்கூரில் இருக்கும் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் திங்கட்கிழமை காலை சேர வேண்டும்; சேரும்போது தங்குமிட முகவரி தர வேண்டும். பிறந்து வளர்ந்த கிளந்தான் மாநிலத்துக் கோத்தா பாருவில் அவளுக்கு ஏற்ற வேலை இரண்டு ஆண்டுகளாக வரவில்லை. இதை விட்டால் இன்னொன்று எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் காலை ஒன்பது மணிக்குக் கோத்தா பாருவில் பேருந்து ஏறினோம். ஆளுக்கு ஐம்பது வெள்ளி, அதாவது ரிங்கிட். கோலாலம்பூர் ஏறத்தாழ நானூற்று நாற்பது கிலோமீட்டர். வழியில் லோரிகள் விட்ட வழியைப் பொறுத்து ஒன்பது மணி நேரம் வரை ஆகும். கிளந்தானில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை, சிலாங்கூரில் சனியும் ஞாயிறும். ஓய்வு நாளே மாநிலத்துக்கு மாநிலம் மாறும் நாட்டில் மற்றவை மாறாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கோல கிராயைத் தாண்டியதும் ரப்பரும் செம்பனையும். குவா மூசாங்கில் சுண்ணாம்பு மலைகளின் அடியில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். ஓட்டுநர் எங்கள் மேசையிலேயே வந்து உட்கார்ந்தார். என்னைப் பாக்சிக், அதாவது மாமா, என்று கூப்பிட்டுக் கிளந்தான் மலாயில் எங்கே பயணம் என்று விசாரித்தார். அதே பேச்சில் சொன்னேன். எனக்கு வேறு மலாய் சரளமாக வராது.

"கேஎல்ல இந்தப் பேச்ச பேசாதீங்க பாக்சிக். நம்ம பேச்சக் கேட்டாலே மூஞ்ச சுளிப்பானுங்க. என் தம்பிக்கு வீடே தரல. கிளந்தான்காரன்னா கூட்டமா வந்து தங்குவானாம்."

"எங்களுக்கு அது இரண்டாவது பிரச்சினை," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆமா, நீங்க இந்தியர்ங்கிறதே மறந்து போச்சு," என்றார். உண்மையாகவே மறந்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

கோத்தா பாருவில் இனவாதம் இல்லை என்று வெளியூர் நண்பர்களிடம் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். பெருநாளுக்கு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து தட்டு வரும், தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து போகும். பதவி உயர்வு வராத ஆண்டுகள் உண்டு. ஆனால் அது இனவாதம் அல்ல, மலாய்க்காரருக்கு முன்னுரிமை என்ற கொள்கை. கொள்கைக்குச் சுற்றறிக்கை எண் இருக்கும். பேருந்தில் உட்கார்ந்து யோசித்தபோது இன்னொரு காரணமும் தோன்றியது. எங்கள் ஊரில் தமிழர்கள் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அடங்கிவிடுவோம். வெறுப்பதற்குப் போதுமான அளவில் நாங்கள் அங்கே இல்லை.

சனிக்கிழமை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மலிவு விடுதி, இரவுக்குத் தொண்ணூறு வெள்ளி, சன்னலைத் திறந்தால் மோனோரெயில். கோத்தா பாருவில் ஒரு வருடத்தில் கேட்கும் தமிழை இங்கே இட்லி வருவதற்குள் கேட்டுவிடலாம். கவிதா கைத்தொலைபேசியில் வாடகை விளம்பரங்களைப் படித்துக்கொண்டிருந்தாள். அறையின் அளவு, குளிர்சாதனம், நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை, அதற்கு அடுத்து இனம். சிலர் இனத்தை முதலிலேயே போட்டிருந்தார்கள். நேரம் மிச்சமாகும் ஏற்பாடு.

ஓட்டுநர் சொன்னபடி ஆங்கிலத்தில் பேசினேன். பெட்டாலிங் ஜெயா அடுக்குமாடி ஒன்றின் முகவர், ஒரு சீனப் பெண், மிகவும் மரியாதையாகப் பேசினார். "சாரி ஆ அங்கிள், நான் இல்ல, ஓனர்தான். சமையல் வாசனைனு சொல்றாங்க."

"அவளுக்குச் சமைக்கத் தெரியாது."

"ஐயோ அங்கிள், அது எனக்கும்தான் தெரியாது. ஆனா ஓனர் கேக்க மாட்டாங்க லா."

மதியம் பிரிக்பீல்ட்ஸிலேயே ஓர் அறை. உரிமையாளர் தமிழர், நாற்பது வயதிருக்கும், வாசலிலேயே கும்பிட்டார். அறை சுத்தமாக இருந்தது. கவிதா அலமாரியைத் திறந்து பார்த்தாள். அதற்குள் அவர் என்னை ஓரமாக அழைத்தார்.

"அங்கிள், நீங்க லோக்கலா? போன்ல இங்கிலீஷ் கேட்டு இந்தியாலேர்ந்து வர்றீங்கன்னு நெனச்சிட்டேன். நான் ஐடி ஆளுங்களுக்கு மட்டும்தான் குடுப்பேன். சென்னை, பெங்களூர். லோக்கல் நம்மாளுங்கன்னா கொஞ்சம் பிரச்சினை லா. கூட்டாளி வருவான், தண்ணி போடுவான், நமக்குத் தெரியாதா?"

கவிதாவின் காதில் விழுந்துவிட்டது. "அப்ப நான் சென்னைல போய்ப் பொறந்துட்டு வரேன் அண்ணே. ரூம பிடிச்சு வைங்க," என்றாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தங்கச்சி, நானும் லோக்கல்தான். அதனாலதான் சொல்றேன்," என்றார்.

அன்று பேசிய எல்லாருமே தங்களுக்குத் தனிப்பட்ட முறையில் ஆட்சேபம் இல்லை என்றார்கள். ஆட்சேபம் எப்போதும் வேறு யாரிடமோ இருந்தது.

ஞாயிறு காலை கிள்ளான். விடுதிக் கணக்கர்தான் சொன்னார்: "அங்க போங்க அங்கிள், அங்க எல்லாம் நம்மாளுங்க." கொமியூட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அறுபதைத் தாண்டியவருக்குப் பாதிக் கட்டணம், அடையாள அட்டையைக் காட்டினால் போதும். இனம் கேட்பதில்லை. லிட்டில் இந்தியாவில் புடவைக் கடைகள் அப்போதுதான் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தன. பின்தெருவில் ஓர் ஆன்டியின் வீடு. பெரிய சாமியறை, ஊதுவத்தி, பலகாரத் தட்டு. கவிதா முதல் வேலை நாளுக்கென்று தைத்த பாஜு குரோங்கை, மலாய்ப் பெண்கள் போடும் நீளச் சட்டையும் பாவாடையும், போட்டுப் பார்த்தவள், அதிலேயே வந்திருந்தாள்.

"எந்த ஊரும்மா?"

"கோத்தா பாரு ஆன்டி. ரூம் மூராவா இருந்தா இன்னிக்கே மாசோக் பண்ணிக்கிறேன்."

வாடகை மலிவென்றால் இன்றே குடிவருகிறேன் என்று பொருள். எங்கள் வீட்டில் தமிழ் இப்படித்தான் இருக்கும். ஆன்டி அவளுடைய உடையைப் பார்த்தார், பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மதம் மாறிட்டீங்களா?"

இல்லை என்றேன். கவிதா என்ற பெயரைச் சொன்னேன், என் பெயரையும் என் அப்பாவின் பெயரையும் சொன்னேன். ஆன்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"பேரு இருக்கும் அங்கிள். கிளந்தான்ல எல்லாம் சொல்ல முடியாதே. வீட்டுல சாமி இருக்கு, நாளைக்கு மத இலாகாவுலேர்ந்து யாராச்சும் விசாரிக்க வந்தா எனக்குப் பயம்." எங்களை முறுக்கு சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

திரும்பும் ரயிலில் கவிதா, ஷா ஆலம் தாண்டும்போது, "அப்பா, ரூம் கிடைக்கலன்னா நான் உங்ககூடவே பஸ் ஏறிடவா?" என்று கேட்டாள். பட்டியலில் மிஞ்சியிருந்த எண்ணைக் கூப்பிட்டேன். பெட்டாலிங் ஜெயாவிலேயே சுங்கை வேயில் ஒரு மாடியறை, மலாய்ப் பெண்மணி. அந்த நேரத்தில் ஓட்டுநரின் அறிவுரை நினைவில்லை. வாயில் வந்தபடி கிளந்தான் பேச்சிலேயே பேசினேன்.

மறுமுனையில் குரல் மாறியது. "பாக்சிக், எந்த ஊரு? பாசிர் மாஸா, தும்பாட்டா?" கோத்தா பாரு என்றேன். கோத்தா பாருவில் எந்தத் தெரு என்றார். சொன்னேன். "ஓஹே கித்தோ," என்றார். நம்ம ஆள் என்று அர்த்தம். "மகளைக் கூட்டிட்டு உடனே வாங்க. வேற யார் கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

சுங்கை வே தொழிற்சாலைகளை ஒட்டிய பழைய வீட்டு வரிசை. கதவைத் திறந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கவிதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எட்டி எங்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"போன்ல பேசின பாக்சிக் எங்க?"

"நான்தான்," என்றேன், அதே பேச்சில்.

கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தன்னை மொக் சூ என்று கூப்பிடச் சொன்னார். எங்கள் பக்கத்தில் சின்னம்மா மாதிரி. மாடியில் இரண்டு அறைகள், தனிப் படிக்கட்டு. பன்றி இறைச்சி கூடாது, நாய் கூடாது, மற்றபடி அவரவர் இஷ்டம். கவிதா சன்னலோரம் போய் நின்றாள். அங்கிருந்து மருத்துவமனைக் கட்டடம் தெரிந்தது.

சாவியை எடுத்தபடி மொக் சூ சொன்னார்: "போன வாரம் அதே ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரு இந்தியப் பொண்ணு வந்துச்சு. ஆள் வந்துடுச்சுன்னு சொல்லிட்டேன். இந்தியங்களுக்கு நான் குடுக்குறதில்ல."

"நானும் இந்தியப் பொண்ணுதான் மொக் சூ."

"நீ கிளந்தான் பொண்ணு. அது வேற."

சாவி அவர் கையில்தான் இருந்தது. கவிதா அதை வாங்கவில்லை. விதிப்படி நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் அவர்கள் இருவருக்கும் இடையில். கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை.

"எடுத்துக்கிறேன்," என்றாள் கடைசியில். "ஆனா அந்தப் பொண்ண நாளைக்கு நான் தேடிப் பிடிப்பேன். பக்கத்து ரூம அவளுக்குக் கேப்பேன். தினமும் கேப்பேன்."

மொக் சூ மறுபடி சிரித்தார். பார்க்கலாம் என்றார். அரசாங்க மொழியில் இதற்குப் பரிசீலனையில் உள்ளது என்று பெயர்.

திங்கள் மாலைப் பேருந்தில் தனியாகத் திரும்பினேன். ஊருக்கு ஊர் இனவாதம் வேறுபடுமா என்று கேட்டால், வேறுபடும் என்றுதான் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் சமையல் வாசனை, ஓரிடத்தில் கூட்டாளிகள், ஓரிடத்தில் சாமியறை. எங்கள் ஊரில் அது எந்த உருவத்தில் இருக்கிறது என்பதை வீட்டில் இருந்தவரை நான் விசாரித்ததில்லை. மொக் சூ எங்கள் ஊர்க்காரர். அவருடைய தங்கை எங்கள் அடுத்த தெருவில்தான் இருக்கிறாராம்.

அந்தப் பெண்ணைக் கவிதா முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். பெயர் ஷாலினி, ஊர் தெலுக் இந்தான், இங்கே தூரத்தில் தங்கி இரண்டு ரயில் மாறி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். கவிதா சொன்னபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். ஷாலினியை ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிக்குக் கூட்டி வந்தாள். மொக் சூ அவளுக்கும் எங்கள் ஊர் நீலச் சோறான நாசி கெராபு போட்டுக் கொடுப்பார், சோறு போதுமா என்று கேட்பார், அறையைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

பிறகு கவிதா தொலைபேசியில் அழைத்தாள். மொக் சூ பதில் சொல்லிவிட்டார்: வரட்டும், அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் அவளும் கிளந்தான் என்று சொல்லிக்கொள்ளட்டும். ஷாலினி சம்மதித்துவிட்டாளாம், கவிதாவிடம் எங்கள் பேச்சைக் கற்றுக்கொள்கிறாளாம். ஜூலையில் தொடங்கிய பரிசீலனை முடிந்தது நவம்பர் பதினொன்று அன்று.