திருப்பி அனுப்பிய பால்

பால் சேகரிக்கும் நிலையத்தில் வேலை செய்கிறவனுக்குக் காலை ஏழு மணிக்கு எல்லாரும் ஸலாம் சொல்வார்கள். எட்டு மணிக்குப் பரிசோதனை முடிந்ததும் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நீங்களும் ஒரு மேசைக்குப் பின்னால் நின்று "இது சரிவராது" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர் என்றால் என் பாடு உங்களுக்கு விளங்கும். கல்முனையின் வயல் பக்கத்தில் பதினொரு வருடமாக இந்த வேலை. முன்பெல்லாம் சிரித்துச் சமாளிப்பேன். போன மாதம் என் ராத்தாவின், அதாவது அக்காவின், இரண்டு வயது மகன் பால் குடித்து, வயிற்றோட்டம் பிடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அன்றிலிருந்து எனக்குக் கோபம் மட்டும்தான் வருகிறது.

ஸ்பிரித்துப் போத்தல்

கொஞ்சம் பாலைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அதே அளவு ஸ்பிரித்து ஊற்றிக் குலுக்குவோம். நல்ல பால் வழுக்கி ஓடும். கிருமி பெருகிப் புளிக்கத் தொடங்கிய பால் கண்ணாடியில் திட்டுத் திட்டாக ஒட்டும். மூக்குக்கும் நாக்குக்கும் இன்னும் தெரியாததை இது காட்டிக்கொடுத்துவிடும்.

எருமை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவரின் பால் அப்படி ஒட்டியது. குழாயை நீட்டினேன். அவர் குழாயைப் பார்க்காமல் ஸ்பிரித்துப் போத்தலை எடுத்து மோந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும்போது எத்தனை பேருக்கு விளக்கம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஹாஜியார் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அல்லாஹ்ட பறக்கத்தான பாலுக்குள்ள சாராயத்த ஊத்தினா அது திரையாம என்ன செய்யும் தம்பி?"

கையே போகாத கேன்

தேங்காயெண்ணெய் வந்த பிளாஸ்டிக் கேனில்தான் பலர் பால் கொண்டுவருகிறார்கள். வாய் ஒடுங்கியது, கை உள்ளே போகாது. வாய்க்கால் தண்ணீரை ஊற்றி இரண்டு குலுக்குக் குலுக்கினால் கழுவியாயிற்று. ஒருநாள் ஒரு கேனின் கழுத்துக்குள் விரலை விட்டுச் சுரண்டினேன். மஞ்சளாக, வழுவழுவென்று, அழுகிய நாற்றத்தோடு நகக்கண் நிறைய வந்தது. வந்த ஆத்திரத்தில் விரலைக் கேன்காரரின் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டேன். அவர் கேனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னார்: "அது பாலாடைதானே, அதச் சுரண்டினா பாலுட ருசி போயிரும்."

ஒரே மாடு

மாலையில் கறந்ததை ஐஸ் இல்லாமல், மூடி வைத்திருந்து, காலையில் கறந்ததோடு கலந்து கொண்டுவருவது இன்னொரு கெட்டித்தனம். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தப் பழைய பால் கெட ஓர் இரவே தாராளம். புதிய பாலையும் சேர்த்துக் கெடுத்துவிடும். ஒருவரிடம் இதை அரைமணி நேரம் தொண்டை கிழியச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், தலையும் ஆட்டினார். பிறகு சொன்னார்: "பின்னேரமும் அதே மாடு, காலையிலயும் அதே மாடு, நீங்க என்னத்துக்கு ரெண்டாப் பிரிக்கிற?"

வார்ட்டில்

ராத்தா கல்முனைக்குடியில் இருக்கிறாள். பிள்ளையின் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிளில் பால் விற்கும் ஊருக்கே அண்ணன் முறையான றசீத் காக்காவிடம்தான் வாங்கினாளாம். என்னிடமும் பால் கொண்டுவருகிற ஆள். முந்தின நாள் காலையில்தான் அவருடைய பாலைத் திருப்பி அனுப்பியிருந்தேன். "நல்லாப் பொங்கவெச்சுத்தானே குடுத்த?" என்று கேட்டேன். ராத்தா அழுதுகொண்டே சொன்னாள்: "பொங்கவெச்சா சத்துப் போயிரும், இளஞ்சூட்டுல குடுங்க எண்டு காக்காதான்டா சொன்ன!"

படலையடியில்

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கெட்ட பாலை அடுப்பில் பொங்கவைத்தால் சட்டியிலேயே திரைந்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பயந்துதான் இந்தச் சத்துக் கதை. மனிசனா இவன் என்று இருந்தது. அடுத்த நாள் காலையில் கேனோடு வந்தவரை நிலையத்து வாசல் படலையிலேயே மறித்தேன். வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, ஆறுதலாகக் கேட்டார்: "வேணாம் எண்டு மட்டுந்தானே தம்பி நீங்க சொன்ன? கொட்டச் சொல்லல்லயே!"

பிள்ளை தேறிவிட்டான். ஆனால் எங்கள் நிலையத்துப் பால் தாங்கிக்குள் ஒரு சொட்டுக் கெட்ட பால் போனதில்லை என்று பதினொரு வருடமாக மார்தட்டிய எனக்கு, திருப்பி அனுப்பிய பாலெல்லாம் எங்கே போனது என்று ஒரு தடவையாவது கேட்கத் தோன்றுவதற்கு என் வீட்டுப் பிள்ளையே குடிக்க வேண்டியிருந்தது.