கால் சுற்றா, அரைச் சுற்றா

அந்தச் சனிக்கிழமைக்கு நான் எழுதிய பட்டியலில் பதினொரு விஷயங்கள் இருந்தன. உலோகங்காட்டும் கருவி, மேலதிக பற்றரி, சிறிய மண்வெட்டி, முழங்காலுக்கு மெத்தை, முதலுதவிப் பை, பண்ணைக்காரர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் என்று போய், கடைசியில் சாப்பாடு. கணவருக்கு வர விருப்பமா என்று நான் கேட்கவில்லை. வருவார் என்று நானே முடிவுசெய்துவிட்டேன்.

கனடாவில் எங்கள் அஜக்ஸ் நகருக்கு வடக்கே உள்ள அந்தப் பண்ணை ஒரு காலத்தில் படையினர் கூடாரமடித்துப் பயிற்சி எடுத்த நிலம். இப்போது சோளம் விதைக்கிறார்கள். உழுத மண்ணில் பித்தளைப் பொத்தான்களும் தொப்பிச் சின்னங்களும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். வாரநாட்களில் மின்சுற்றுப் பலகைகளைச் சோதிப்பவள் நான். வாரஇறுதியிலும் ஒரு கருவியோடு இருப்பது எனக்குப் பிடிக்கும்.

கணவர் கலியாணம் முடித்துக் கனடா வந்து இரண்டு வருடம். அதற்கு முன் வன்னியில் ஏழு வருடம் கண்ணிவெடி அகற்றியவர். அந்த வேலையைப் பற்றிப் பகிடியாகத்தான் ஏதாவது சொல்வார்.

"சொந்தக் காசிலை உந்த வேலை செய்யிற ஆளை இப்பதான் பாக்கிறன்," என்றார் வயலில் இறங்கியதும். "எனக்கு உதுக்குச் சம்பளம் தந்தவை."

"அது வேறை, இது வேறையப்பா. இது பொத்தான் தேடுறது."

கொஞ்சத் தூரம் நடந்தோம். கருவி சத்தமே போடவில்லை.

"என்ன உது ஊமையா இருக்கு? இரும்புக்குக் கத்தாதோ?"

"இரும்பை நான் ஓஃப் பண்ணி வைச்சிருக்கிறன். இல்லாட்டி ஒவ்வொரு ஆணிக்கும் கத்தும்."

பித்தளை தேடுபவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. வன்னியில் ஒரு துருப்பிடித்த ஆணியைக்கூட விடாமல், முழங்காலில் நின்று, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு அடுத்த சாண் நிலத்துக்குப் போன மனிதர் அவர். சிறிது நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். ஈரமண்ணில் ஒருவருடைய காலடிகள்தான் இருந்தன. அவர் என் அடிகளுக்கு மேலேயே தன் பாதத்தை வைத்து வந்துகொண்டிருந்தார்.

"இது கனடாவப்பா," என்று சிரித்தேன்.

"ஓம், ஓம். நீர் நடவும்."

வேலியோரம் கருவி கத்தியது. தெளிவான, உயர்ந்த ஒலி. திரையில் பித்தளைக்குரிய எண். நான் மண்டியிட்டு, மண்வெட்டியை நேராகக் கீழே இறக்கினேன். ஒரு கையளவு ஆழத்தில் பச்சை பிடித்த வட்டமான ஒன்று தெரிந்தது. துடைத்தேன். விளிம்பைச் சுற்றிச் சிறிய கோடுகளும் எண்களும் செதுக்கியிருந்தன. ஏதோ பழைய அளவுகருவியின் மூடி என்று நினைத்தேன். அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டு விரலால் பிடித்துத் திருகினேன். அது அசைந்தது.

"விடும்."

அவர் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

"திருப்பித் திருக்காதையும். விரலை மட்டும் மெதுவா எடும். எழும்பாதையும், நான் வாறன்."

நான் விரல்களை எடுத்தேன். பின்னால் அவர் வரும் சத்தம் கேட்டது: ஒரு அடி, நிற்பது, இன்னொரு அடி. என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பித்தளைக்குக் கீழே, நான் தோண்டிய பள்ளத்தின் பக்கச் சுவரில், துருப்பிடித்த இரும்பு உருளையாகக் கீழே போயிருந்தது. என் கருவிக்குச் சொல்லாதே என்று நான் சொல்லிவைத்த இரும்பு.

"ஷெல்," என்றார், பீரங்கிக் குண்டை. "நீர் பிடிச்சது அதின்ரை தலை, வெடிக்கிற நேரத்தைத் திருக்கி வைக்கிற இடம். எவ்வளவு திருக்கினீர்?"

"கொஞ்சம்."

"கால் சுத்தா, அரைச் சுத்தா?"

வேலையில் மில்லிமீற்றரின் பின்னங்களைக் குறித்துவைப்பவள் நான். அப்போது எனக்குத் தெரியவில்லை. "தெரியாதப்பா," என்றேன்.

"சரி. வந்த அடியிலேயே திரும்பிப் போம். ஓடாதையும். கார் கிட்டப் போய்ப் பொலிஸுக்குப் போன் எடும், இஞ்சை வேண்டாம்."

"நீங்கள்?"

"நீர் போம்."

என் சொந்தக் காலடிகளைப் பார்த்துப் பார்த்து நடந்தேன். எண்ணத் தொடங்கி நாற்பதுக்கு மேல் மறந்துபோனேன். காரடியில் நின்று பார்த்தபோது, அவர் தன் சிவப்புத் தொப்பியை வேலிக்கம்பியில் மாட்டி அந்த இடத்துக்கு அடையாளம் வைத்துக்கொண்டிருந்தார். பிறகுதான் திரும்பினார், அதே அடிகளில்.

பொலிஸ் வந்து, பின்னர் வெடிபொருள் நிபுணர் வந்தார். முதல் கேள்வி, தொட்டீர்களா. இரண்டாவது, திருகினீர்களா, எவ்வளவு. கணவர் என்னைப் பார்த்தார். இரண்டாம் தடவையும் தெரியாது என்றுதான் சொன்னேன். நிபுணர் எதையும் எழுதவில்லை. எங்களை இன்னும் தூரத்துக்கு அனுப்பிவிட்டார்.

பின்னேரம் அதை வயலிலேயே வெடிக்கவைத்தார்கள். சத்தம் காதுக்கு வருமுன் உள்ளங்காலுக்கு வந்தது. உள்ளே வெடிமருந்து இருந்தது என்று நிபுணர் சொன்னார். கணவர் தலையாட்டினார். கார்க் கதவைத் திறக்க அவருக்கு மூன்று தடவை பிடித்தது.

கருவி இப்போது நிலவறைப் பெட்டியில், பற்றரி கழற்றியபடி இருக்கிறது. ஊறுகாய்ப் போத்தலைத் திறக்கும்போது என் விரல்கள் மூடியில் நின்றுவிடுகின்றன. கால் சுற்றா, அரைச் சுற்றா என்று பார்க்கின்றன. அவர் ஒன்றும் கேட்காமல் போத்தலை என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார்.