பார்த்திராத பாட்டு

இண்டர்மீடியட் தமிழ்த் தாளில் ஒரு கேள்வி உண்டு. பாடத்தில் இல்லாத, அதுவரை நாங்கள் பார்த்தே இராத ஒரு பாட்டை அச்சடித்துக் கொடுத்து, பதம் பிரித்துப் பொருள் எழுதச் சொல்வார்கள். மற்ற கேள்விகளுக்கு நோட்டை உருப்போட்டால் போதும். அதில் நான் கெட்டிக்காரன். இந்த ஒரு கேள்வி மட்டும் எனக்கு வராது. எந்தச் சொல் எங்கே முடிகிறது என்றே பிடிபடாது. சேலத்துக்குப் படிக்கப் போன மூன்றாம் மாதமே தமிழ்ப் பண்டிதர், "உனக்கு ஞாபகசக்தி இருக்கு, காது இல்லை" என்று வகுப்பில் எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பொய் சொல்லியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

அந்தக் காது என் அறைத் தோழனுக்கு இருந்தது. எனக்குக் கடத்தூர், அவனுக்குப் பாப்பாரப்பட்டி. அவன் அப்பா மேட்டு நிலத்தில் கேழ்வரகு போடுகிறவர். கோடையில் கூத்தில் பின்பாட்டுப் பாடப் போவார். அவர்கள் வீட்டில் பாட்டை யாரும் 'படித்தது' கிடையாது. வாய்விட்டுப் பாடினால்தான் அவனுக்குப் பொருள் விளங்கும். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் முதலில் ஒரு தரம் முனகுவான், அடுத்த தரம் இழுத்துப் பாடுவான். கடலைக்காயை உரித்தது போலச் சொற்கள் தனித்தனியாக வந்து விழும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் எனக்கும் விளங்கிவிடும். சத்தமில்லாமல் படி என்றால் மட்டும் என்னைவிட மோசமாக விழிப்பான்.

"பரீட்சை ஹால்ல கச்சேரியாடா பண்ணப் போறே?" என்று பண்டிதர் கேட்பார். எல்லோரும் சிரிப்போம். அவனும் சிரிப்பான்.

சிரிக்கிற நிலைமையில் அவன் இல்லை. ஒரு தடவை தவறினாலும் ஊருக்கு வந்து ஏர் பிடிக்க வேண்டும் என்று சொல்லித்தான் அவன் அப்பா அனுப்பியிருந்தார். கல்லூரியின் செலக்ஷன் பரீட்சையில் தேறினால்தான் சர்வகலாசாலைப் பரீட்சைக்கு விடுவார்கள். யுத்த காலம் அது. பேப்பர் தட்டுப்பாடு என்று அந்த வருஷம் விடைத்தாளில் நெருக்கி நெருக்கி எழுதச் சொன்னார்கள்.

பரீட்சையில் அவன் எனக்கு நேர் பின் பெஞ்சு. நான் மற்றதையெல்லாம் எழுதி முடித்து அந்தப் பாட்டுக்கு வந்தேன். நாலே அடி. ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது பின்னாலிருந்து மெல்ல முனகல் கேட்டது. அவனை அறியாமல்தான் வந்தது, எனக்குத் தெரியும். முதல் அடி விளங்கியது. இரண்டாம் அடியும் விளங்கியது. மளமளவென்று எழுதினேன்.

மூன்றாம் அடியை அவன் தொடங்குவதற்குள் மேற்பார்வைக்கு வந்திருந்த கணக்கு ஆசிரியர் பாய்ந்து வந்துவிட்டார். அவனை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்குத்தான் சொல்லிக் குடுக்கறானா?"

என் தாளையும் பிடுங்கிவிடுவார் என்று எனக்குப் பயம்.

"இல்லீங்க சார். அவன் பாடறதுதான் எனக்குத் தொந்தரவா இருக்குதுங்க."

அவன் எப்போதும் இப்படித்தான், கள்ளத்தனம் தெரியாதவன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆசிரியர் அவன் தாளை வாங்கிக் குறுக்கே கோடு போட்டார். அவன் கதவருகில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தமிழில் அவனுக்குச் சுழி போட்டார்கள். டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவன் பஸ் ஏறியபோது, எனக்கு வகுப்பு இருப்பதாகச் சொல்லி நான் வழியனுப்பக்கூடப் போகவில்லை. என் தாள் திரும்பி வந்தது. முதல் இரண்டு அடிக்கு நேராகப் பண்டிதர் 'நன்று' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, 'பின் இரண்டு அடியில் பொருள் பிசகு.' ஏன் பிசகியது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் தேறிவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்துப் பாப்பாரப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திரும்பும் வழியில், சந்தையில் அவன் வண்டியிலிருந்து கேழ்வரகு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். கை காய்த்துப் போயிருந்தது.

"பி.ஏ. படிக்கிறியாமே? எங்க வூட்ல கூடச் சொன்னாங்க" என்றான். அவன் முகத்தில் நிஜமான சந்தோஷம். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. கிளம்பப் பார்த்தேன். அவன் கையை விடவில்லை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். அன்னிக்கு நான் பாடி உன்னைத் தொந்தரவு பண்ணிட்டேன். எனக்குத் தெரியவே தெரியாது. மனசுல வெச்சிக்காத."

உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன். வெட்கம் கெட்ட வாய், வேறொன்றைச் சொன்னது.

"அட, பரவால்ல விடுடா."

நான் மன்னித்துவிட்டேன் என்று அவனுக்கு ஒரே நிம்மதி. சிரித்துக்கொண்டே போய் அடுத்த மூட்டையைத் தோளில் ஏற்றினான்.