நிற்கக் கூடாது, நடக்கலாம்

இடது கணுக்காலின் உட்பக்கம் முதலில் அரித்தது. பிறகு தோல் கறுத்தது. சொறிந்த இடத்தில் ஒரு சின்னப் புண் வந்து, ஆறாமல் அங்கேயே குடியிருந்தது. எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய களிம்புகள் எதுவும் வேலைக்கு ஆகவில்லை.

பெங்களூரில் ஒரு பட்டுச்சேலைக் கடையில், கல்யாணச் சேலை கவுண்டரில் இருந்தவள் நான். அங்கே விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது, நாற்காலியே கிடையாது. அந்த கவுண்டருக்கு வர எனக்குப் பல வருஷம் பிடித்தது. பெண் வீட்டார் "ஃபிலோ அக்கா இருக்காங்களா?" என்று கேட்டு வருவார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் என்னை நிற்க வைத்து டாப்ளர் ஸ்கேன் (ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று காட்டும் சோதனை) எடுத்தார்கள். சிரையின் வால்வுகள் (ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் சிறு கதவுகள்) கெட்டுப்போயிருந்தன. கெட்ட சிரையை லேசரால் மூடினார்கள். அதன் பிறகுதான், இந்தப் புண் எப்படிச் சீக்கிரம் ஆறும் என்று பார்க்கும் ஓர் ஆராய்ச்சியைப் பற்றி டாக்டர் சொன்னார். பாதிப் பேருக்குக் காலில் சுற்றும் இறுக்கக் கட்டு மட்டும். மீதிப் பேருக்குக் கட்டோடு நடைப்பயிற்சி. யார் எதில் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். சேர்ந்தேன்.

"உங்களுக்கு நடக்கற குழு வந்திருக்கும்மா" என்றார்.

"புது மருந்து ஒண்ணும் இல்லியா சார்?"

"நடைதான் மருந்து. நடந்தா கெண்டைச்சதை ரத்தத்தை மேல தள்ளும். ஒரே இடத்துல மட்டும் நிக்காதீங்க."

"என் வேலையே நிக்கறதுதானே சார்."

"பிடிக்கலன்னா விலகிக்கலாம்மா. வைத்தியம் நிக்காது."

விலகிவிடலாம் என்றுதான் அடுகோடியில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினேன். என் கணவர் லேத் பட்டறையில் வேலை செய்பவர், அதிகம் பேச மாட்டார். "கால் போனா கவுண்டர்ல எத வெச்சு நிப்ப?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்று அவரோடு பேசவே இல்லை. ஆனால் ஆராய்ச்சியிலிருந்து விலகவும் இல்லை.

எங்கள் கடையில் நடக்கிற வேலை ஒன்றுதான். ஸ்டாக் ரூமிலிருந்து சேலைகளைச் சுமந்து வந்து கவுண்டரில் போடுவது. புதிதாகச் சேரும் பெண்களுக்கான வேலை. அதைத்தான் கேட்டேன். மேனேஜர் தயங்கினார். "யோசிச்சுக்கோங்க அக்கா. உங்க இடத்துல ஷோபாவப் போட்டா அப்புறம் மாத்த முடியாது." ஷோபா பக்கத்து கவுண்டர்ப் பெண். சரி என்றேன். முதல் நாள் சேலை அடுக்குகளுக்கு நடுவில் நின்று அழுதேன். அப்புறம் நிற்கக் கூடாதே என்று நடந்துகொண்டே அழுதேன்.

இதே புண்ணோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கட்டு முதலில் அரிக்கும், எரிச்சல் வரும், அவிழ்த்து எறியத் தோன்றும். அவிழ்க்காதீர்கள். கால்விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ மட்டும் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். புண் ஓரத்திலிருந்துதான் மூடும், மெதுவாக. எனக்கும் மூடியது. மேலே வந்திருக்கும் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெல்லியது. அதை இன்னும் பயத்தோடுதான் தொடுகிறேன்.

கடைசிப் பரிசோதனையில் கேட்டேன்: "எந்தக் குழுவுக்குச் சீக்கிரம் ஆறிச்சு சார்?"

"இன்னும் தெரியாதும்மா. எல்லாருக்கும் முடிஞ்சாத்தான் சொல்ல முடியும்."

அப்படியானால் நான் கவுண்டரை விட்டது வீணா, இல்லையா? யாருக்கும் தெரியாது. வலித்தது.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டுக்கூட்டம். சேலைகளைக் கொண்டுபோய் வைத்தபோது பார்த்தேன்: ஷோபா சிரித்துக்கொண்டே முந்தானையை விரித்துக் காட்டுகிறாள், கீழே ஒரு பாதத்தால் மற்றக் கணுக்காலைத் தேய்க்கிறாள்.

"ஷோபா, அடுத்த சேலைக்கட்ட நீ போய் எடுத்துட்டு வா. இங்க நான் பாக்கறேன்."

"உங்க காலு அக்கா?"

"கொஞ்ச நேரந்தான். அப்புறம் மாத்திக்கலாம்."

இப்போது தினமும் மாற்றிக்கொள்கிறோம். மேனேஜர் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறார். நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. கால் கனத்தால் என் முறை முடிந்தது. ஷோபா தானாகச் சொல்ல மாட்டாள். அவள் காலையும் நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.