அழித்த இருமல்

செத்துப்போன ஒருவருக்காக மைக் முன்னால் உட்கார்ந்து இருமிய மடையன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். அதுவும் ஒரு தடவை அல்ல, பதினேழு டேக். சாட்சி, ஸ்டூடியோவின் பழைய ஹெட்போன் மட்டும். காது மெத்தை உரிந்துபோய், கழற்றினால் காதெல்லாம் கரித்தூள் மாதிரி ஒட்டும். எதிர் டீக்கடைக்காரர் என்னை அடுப்புக்கரி வியாபாரி என்பார்.

அறிவிப்பாளர் அண்ணனை நான் அறிந்தது அந்த ஹெட்போன் வழியாகத்தான். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதிலிருந்து கீழ்பென்னாத்தூர் ஜவுளிக்கடைத் தள்ளுபடி வரை, ஆட்டோவில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் ஊர் கேட்டது அவர் குரலைத்தான். அவர் பேசுவார், நான் கிளிப்பை வெட்டி எஃபெக்ட் போடுவேன். எனக்குத் தெரிந்த எஃபெக்ட் மொத்தம் இரண்டு. ஒன்று எக்கோ, செருப்புக்கடை விளம்பரம்கூட என் கையில் அசரீரியாகிவிடும். இன்னொன்று இரைச்சலை நீக்குவது. அது அவர் இருமலுக்காக.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு வறட்டு இருமல் வரும். அதை அழித்துவிட்டுப் போட்டுக் காட்டினால் சிரிப்பார். "ஆஸ்பத்திரிக்கு எதுக்குடா போவணும்? நீ ஒரு பட்டன் தட்டினா குணமாயிடுது" என்பார். நானும் டாக்டர் மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். கம்ப்யூட்டர் திரையில் ஒலி அலை அலையாக ஓடும்போது அந்த இருமல் முதலில் கடுகளவு தெரிந்தது. இரண்டு வருஷத்தில் பேச்சைவிட உயரமாக மலை மாதிரி எழும்பியது. அதைக் கண்ணால் பார்த்தவன் ஊரிலேயே நான் ஒருவன்தான். பார்த்து என்ன செய்தேன்? எஃபெக்டின் அளவை இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாக்கினேன். நுரையீரல் என்று டாக்டர் சொன்னபோது மிச்சமிருந்த நாள் ரொம்பக் கம்மி.

காரியம் முடிந்து அண்ணி ஸ்டூடியோவுக்கு வந்தார். "ரோட்ல போற குரல் ஊருக்குப் பேசினது தம்பி. வீட்டுக்கு வரும்போது தெருமுனையிலயே இருமுவாரு, நான் தட்டுல சோறு போடுவேன். அந்த இருமலோட ஒண்ணு இருந்தா குடு."

இல்லை. கம்ப்யூட்டரில் இடம் பத்தாது என்று, சுத்தம் செய்த கிளிப்பை அசலின் மேலேயே சேமிப்பது என் வழக்கம். ஒரு வாரம் தேடினேன். இருந்ததெல்லாம் மூச்சுகூட வாங்காமல் எக்கோவில் பேசும் ஒரு சுத்தமான மனிதர். இல்லை என்று அண்ணியிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் அந்தப் பதினேழு டேக். தேறிய ஒன்றை எடுத்து, சுருதியை இறக்கி, "வாகனங்களை" என்று அவர் தொடங்குவதற்கு முன்னால் ஒட்டினேன். நான் இதுவரை செய்த எடிட்டிங்கில் அதுதான் உசத்தி. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

இப்போதெல்லாம் பேச வருகிறவர்கள் இருமினால் ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்கிறேன். ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் குறைந்ததுதான் மிச்சம். ஹெட்போன் மட்டும் அதேதான். மாற்ற மனசு வரவில்லை.

நான் ஒட்டியதைக் கேட்க வந்த அன்றைக்கு அண்ணி அந்த ஹெட்போனை முந்தானையால் துடைத்துக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஒரு தடவை கேட்டார். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு மெதுவாகக் கழற்றி மேஜைமேல் வைத்தார். காதோரம் கரி ஒட்டியிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். "அண்ணன் மாதிரியே இருக்குதில்லீங்க அண்ணி?" என்றேன்.

"இது உன் இருமல்."